கடல் தாண்டிக் கேட்கும் கேள்வி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழியின் பொருளை அந்தமானில் வண்டி வைத்திருப்போருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கிடக்கிறது. (2024 செப்டம்பர் வரை அந்நகரின் பெயர் போர்ட் பிளேர், பலரின் நாவில் இன்றும் அதுவே.) பயணிகள் கப்பல் அதைக் கடக்க மூன்று நாள் ஆகிறது. தலைநகரிலிருந்து ரங்கத்துக்கோ மாயாபந்தருக்கோ டிக்லிப்பூருக்கோ ஒரு பொருள் போய்ச் சேர அதற்குமேல் பெருஞ்சாலைப் பயணம், ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வாகன அணிவகுப்புக்குக் காத்திருப்பு, மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வண்டியோடு படகேற்றம் என வரிசை நீளும். நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே கப்பல் வரும் நாளே நாட்காட்டி.

ஆனால் கேள்வி மட்டும் இப்போது கப்பலில் போவதில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அக்கம்பி சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை சென்று தொடுகிறது. அதற்கு முன் ஒரு படத்தை அனுப்பிவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. இன்று ரங்கத்தில் நிற்கும் வண்டியின் இன்ஜின் ஓசையைச் சென்னைப் புதுப்பேட்டையில் இருக்கும் ஒருவர் அடுத்த நிமிடமே கேட்க முடிகிறது. கேள்வி கண்ணிமைக்கும் நேரத்தில் போகிறது. பாகம் கப்பலில் வருகிறது. இந்த இடைவெளியில்தான் நம் பணம் கரைகிறது. தவறான பாகம் ஒன்று வந்து இறங்கினால் அதைத் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் அதன் விலைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தீவில் கார் பழுதுபார்ப்பின் முதற் கருவி ஸ்பேனர் அன்று, அனுப்பும் கேள்வியே என்பது நம் கருத்து. அக்கருவியைத்தான் நம்மில் பலரும் மொண்ணையாக வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழுக்களில் அன்றாடம் வரும் கேள்வி எது என்று அனைவருக்கும் தெரியும். "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்யலாம்?" அவ்வளவுதான். இதைப் படிப்பவர் எவ்வளவு தேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏனெனில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது ஒரு நோயின் பெயரன்று. குறைந்தது நான்கு நோய்களின் பொதுப்பெயர். சாவியைத் திருப்பினால் எந்த ஓசையும் இல்லை, டேஷ்போர்டு விளக்குகளும் எரியவில்லை என்பது ஒன்று. விளக்குகள் எரிகின்றன, 'டிக்' என்று ஒரே ஓசை அல்லது படபடவெனத் தொடர் ஓசை, செல்ஃப் சுற்றவில்லை என்பது மற்றொன்று. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. பிடித்து இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது என்பது நான்காவது. முதலிரண்டும் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் பக்கம் இழுக்கும். மூன்றாவது எரிபொருள் பம்பையும் பற்றவைக்கும் தீப்பொறியையும் சென்சார்களையும் நோக்கிக் கைகாட்டும். நான்காவது சாவியை வண்டி அடையாளம் காணாத குறையாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்று சொல்ல மெக்கானிக் அறிவு வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். அந்த ஒரு வரி எழுதப்படாமையால் பத்துப் பேர் பத்துப் பதில் எழுதுகிறார்கள். அவற்றுள் உரத்த குரலில் சொல்லப்படும் பதிலே பெரும்பாலும் வென்றுவிடுகிறது.

இதைவிடக் கெடுதல் செய்வது இன்னொரு பழக்கம். கண்டதைச் சொல்லாமல் முடிவைச் சொல்வது. ரங்கத்தில் டாக்சி ஓட்டும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மழைக்கால விடியலில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, பேட்டரி விளக்கு மின்னி மின்னி மறைகிறது, ஹெட்லைட் மங்குகிறது. அவர் சென்னைக்கு எழுதுவது: "ஆல்டர்னேட்டர் போய்விட்டது. நல்லதாக ஒன்று எங்கே கிடைக்கும், என்ன விலை?" கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் உடனே வருகிறது. இந்தக் கடை, இந்த விலை, இத்தனை நாளில் கப்பல். பணம் போகிறது, பாகம் வருகிறது, பூட்டுகிறார்கள். அடுத்த மழை விடியலில் செல்ஃப் மறுபடியும் சோம்பலாகவே சுற்றுகிறது. இதில் பொய் சொன்னவர் எவருமில்லை. கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவே. அதற்குள் பத்துப் பதினைந்து நாள் டாக்சி ஓடவில்லை. வண்டிக் கடனின் மாதத் தவணைக்கோ மழையும் தெரியாது, கப்பலும் தெரியாது.

அதே மனிதர் இவ்வாறு எழுதியிருந்தால்? "மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் இப்படி ஆகிறது, வெயில் ஏறிய பின் சரியாகிவிடுகிறது. இன்ஜின் அணைத்திருக்கும்போது பேட்டரி 12.5 வோல்ட். ஓடும்போது ஒரு நாள் 14.1, மழைநாளில் 13-க்குக் கீழ். பேட்டரி இரண்டு ஆண்டுகள் பழையது. வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம்." இவ்வைந்து வரியைப் படிக்கும் எந்த நல்ல எலக்ட்ரீஷியனும் ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சோதனையைச் சொல்வார்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கையில் அளவைப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் பாதையில் தடை உள்ளது. உப்புக் காற்றில் பச்சை பூத்த ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குவதோடு வேலை முடியக்கூடும். அதற்கு எந்தக் கப்பலும் வேண்டாம். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். டார்ச் விளக்கைப் போல, தீவில் ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் அது இருக்க வேண்டும் என்போம்.

கணினித் துறையில் இந்தப் பாடத்தை முன்பே கற்றார்கள். எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-ல் எழுதத் தொடங்கிய கேள்வி கேட்கும் முறை பற்றிய வழிகாட்டி இன்றும் நிரலாளர்களிடையே படிக்கப்படுகிறது. உங்கள் ஊகத்தை அன்று, நீங்கள் கண்ட குறிகளை விவரியுங்கள் என்பது அதன் அறிவுரைகளுள் ஒன்று. அதன் தொனி கொஞ்சம் கடுகடுப்பானது. அந்தக் கடுகடுப்பு நமக்கு வேண்டாம். நள்ளிரவில் வண்டி நின்றுபோன மனிதரிடம் இலக்கணம் பேசுவது அழகன்று. ஆனால் சாரம் சரியானது. ஊகம் எழுதக் கூடாது என்பதும் இல்லை; எழுதலாம், கடைசி வரியில், ஊகம் என்றே குறிப்பிட்டு.

மேலே காட்டிய ஐந்து வரியில் கடைசி வரியைக் கவனியுங்கள்: வீடு கடற்கரைக்கு அருகில். தீவில் வாழும் நாம் இதை எழுதமாட்டோம். நமக்கு அது செய்தியே அன்று. சென்னையிலோ கோவையிலோ இருந்து பதில் சொல்பவருக்கோ அதுவே தலையாய செய்தி. தொலைவிலிருந்து கேட்கும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. கேட்பவர் தம் ஊரை வைத்துக் கற்பனை செய்ய முடியாதது எதுவோ அதை முதலில் சொல்லுங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்கு. இரு பருவமழைகளும் நம்மை நனைக்கின்றன. காற்றில் ஈரமும் உப்பும் ஆண்டு முழுதும் உண்டு. ஆகவே ஃபியூஸ் பெட்டிக்குள்ளும் சென்சார் பிளக்குக்குள்ளும் பச்சை பூப்பது இங்கே வயதான வண்டிக்கு மட்டும் வருவதன்று. மெயின்லாந்து மெக்கானிக் அதைப் பத்தாவது சந்தேகமாகக்கூட வைத்திருக்கமாட்டார்.

வண்டி ஓடும் விதமும் அவ்வாறே. ஸ்ரீ விஜயபுரத்துக்குள் அபர்தீன் கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக நாளெல்லாம் நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடும் காரில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. பேட்டரியும் முழுதாக நிரம்புவதில்லை. பி.எஸ். 6 டீசல் வண்டியாயின் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். நகருக்குள் அதற்கு வாய்ப்பே இல்லை. அந்தமான் பெருஞ்சாலையிலோ ஜாரவா காப்பகப் பகுதியில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகலாகாது. இடையில் நிறுத்தவும் கூடாது. "ஹைவேயில் 80-ல் ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு பதில் எழுதினால் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நம் சாலை எப்படிப்பட்டது என்று நாம் அவருக்குச் சொல்லவில்லை. வண்டி புதிதாக வாங்கியதா, கப்பலில் வந்த பழைய வண்டியா, ஆள் ஊருக்குப் போனதால் இரண்டு மாதம் நின்றதா, சென்ற வாரம் சாலையில் தேங்கிய நீரில் இறங்கியதா என்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இனி வண்டியின் அடையாளம். "ஸ்விஃப்ட்" என்று எழுதினால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் ஸ்விஃப்ட் 2005, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் நான்கு தலைமுறைகளாக வந்துள்ளது. முதல் தலைமுறைக்குள்ளேயே 2010 வரை 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதன்பின் 1.2 லிட்டர் இன்ஜின். வெளித் தோற்றம் அதேதான், உள்ளே இருப்பது வேறு. 2007 முதல் டீசலும் உண்டு. 2020-ல் அது நின்றது. புதிய தலைமுறையில் நான்கு சிலிண்டர் போய் மூன்று சிலிண்டர் வந்துவிட்டது. ஆகவே பெயர் மட்டும் சொல்வது, "தம்பிக்குக் காய்ச்சல்" என்று சொல்லித் தம்பியின் வயதைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும். தயாரித்த மாதமும் ஆண்டும், பெட்ரோலா டீசலா சி.என்.ஜி.யா, கியர் கையால் மாற்றுவதா தானியங்கியா, இதுவரை ஓடிய கி.மீ. எவ்வளவு: இவை ஒரு வரிக்குள் அடங்கும். பாகம் வாங்கும் நேரத்தில் பதினேழு எழுத்துள்ள சேசிஸ் எண் தேவைப்படும். அதில் ஐ, ஓ, க்யூ என்னும் ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் அவற்றை விலக்கிவைத்தார்கள். ஓ என்று படித்தால் அது பூஜ்யம்தான். கழற்றிய பழைய பாகத்தின்மேல் ஒட்டிய அல்லது பொறித்த எண்ணைத் துடைத்துப் படமெடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மேலானது. அந்த ஒரு படம் கப்பற் செலவு ஒன்றை மிச்சப்படுத்தக் கூடும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது, நல்லதே. வண்டி தன் குறையைத் தானே பதிந்துகொள்ளும் ஓ.பி.டி. முறை நம் நாட்டுக் கார்களில் 2010-க்குப் பின் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஆனால் ஸ்கேனர் தரும் குறியீடு பாகத்தின் பெயரன்று. பி0171 என்று வந்தால் காற்று மிகுதி, எரிபொருள் குறைவு என்றுதான் பொருள். வெடித்த ஒரு ரப்பர்க் குழாய் அதற்குக் காரணமாக இருக்கலாம். பி0420 வந்தவுடன் சைலன்சர் வரிசையில் உள்ள, விலை மிகுந்த வினையூக்கி மாற்றியை மாற்றச் சொல்வோர் உண்டு. புகைக்குழாயில் ஒரு சிறு கசிவும் அதே குறியீட்டைத் தரும். ஆகவே "சென்சார் கோளாறு என்று ஸ்கேனரில் வந்தது" என எழுதாமல் குறியீட்டு எண்ணையே எழுத வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் அனைத்தையும். குறியீடு பதிவான கணத்தில் இன்ஜின் சூடு, வேகம், சுழற்சி எவ்வளவு இருந்தன என்பதையும் வண்டி பதிந்து வைத்திருக்கும், அத்திரையையும் படமெடுத்துக்கொள்ளலாம். இவற்றைக் குறிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் சாட்சியம் அழிந்துபோகும்.

ஓசையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டாம், ரே மாக்லியோட்ஸி என்ற சகோதரர்கள் 'கார் டாக்' என்னும் வானொலி நிகழ்ச்சியை 1977 முதல் 2012 வரை நடத்தினார்கள். இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், கேம்பிரிட்ஜ் நகரில் பட்டறை வைத்திருந்தவர்கள். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தம் காரின் ஓசையை வாயாலேயே போலி செய்து காட்டுவார்கள். நிகழ்ச்சியின் சிரிப்பில் பாதி அதில் பிறந்தது. நம்மிடம் இன்று கைபேசி இருப்பதால் வாயால் செய்யத் தேவையில்லை என்று எண்ணுவோம். ஆனால் பேசும் அழைப்பின் நடுவே கைபேசியை இன்ஜினருகே நீட்டினால் எதிரில் இருப்பவருக்குப் பாதி ஓசை கேட்காது. மனிதக் குரலைத் தெளிவாக்குவதற்காகப் பின்னணி இரைச்சலை அடக்கிவிடுமாறு அழைப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. நாம் கேட்கவைக்க விரும்புவதோ அந்த இரைச்சலை. தனியே அரை நிமிடம் பதிவு செய்து அனுப்புவதே முறை. பாட்டை நிறுத்திவிட்டு, காலையில் முதன்முதல் ஸ்டார்ட் செய்யும்போதே எடுக்க வேண்டும். ஓசை இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, சக்கர வேகத்தோடா, பிரேக் மிதிக்கும்போதா, ஸ்டியரிங் திருப்பும்போதா என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. கசிவும் அப்படியே. நிறம், மணம், எந்தச் சக்கரத்தின் அருகே என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏ.சி. போட்டு வந்து நிறுத்திய வண்டியின் கீழே தெளிந்த நீர் சொட்டினால் அது நோயே அன்று. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஏ.சி. குளம் கட்டாதிருந்தால்தான் வியப்பு.

இவ்வளவும் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். நுட்பம் வேறு, நீளம் வேறு. ஆறு நிமிடக் குரற்பதிவில் மாமனார் வீட்டுத் திருமணத்திற்குப் போனதிலிருந்து தொடங்கி வண்டி நின்ற இடத்துக்கு வந்து சேர்வோர் உண்டு. அதில் பதில் சொல்பவருக்கு உதவும் செய்தி இருபது நொடிதான் இருக்கும், அதுவும் எங்கே இருக்கிறதென்று தெரியாது. எழுத்தில் ஏழெட்டு வரி போதும். வண்டி எது, என்ன நடந்தது, எப்போது நடக்கிறது எப்போது நடப்பதில்லை, அதற்குச் சற்று முன் என்ன செய்யப்பட்டது, இதுவரை எதைச் சோதித்து என்ன கண்டோம். "சற்று முன் என்ன செய்யப்பட்டது" என்பதை மறைப்போர் பலர். நேற்றுத்தான் புதிய ஸ்டீரியோவும் கூடுதல் விளக்கும் வயரை வெட்டி இணைத்தோம் என்பது வெட்கப்பட வேண்டியதன்று. பதில் சொல்பவருக்கு அதுவே திறவுகோல்.

இங்கே மருத்துவ உலகை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2000-களின் தொடக்கத்திலேயே நம் தலைநகரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவ வல்லுநர்களோடு இணைக்கப்பட்டது. அங்கிருக்கும் வல்லுநரால் நாடி பிடிக்க இயலாது. இங்கிருக்கும் மருத்துவர் எதை அளந்து எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று கணக்கிடுகிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணை செய்பவர். வண்டிக்கும் கணக்கு அதுவே. மருத்துவரும் மருந்தும் கடலுக்கு அப்பால் இருக்கும்போது நான்காமவரின் பொறுப்பு கூடுகிறது. அந்த நான்காமவர் வண்டிக்காரராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளூர் மெக்கானிக்கும் ஆகலாம். தீவின் பட்டறைகளில் இந்தி, வங்காளி, தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து பேசப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைந்து பேர். மெக்கானிக் இந்தியில் சொன்னதை நாம் தமிழில் புரிந்துகொண்டு சென்னைக்கு எழுதும்போது சொல் வழியில் நழுவிவிடுகிறது. எண்ணும் படமும் எம்மொழியிலும் நழுவுவதில்லை.

எல்லாக் குறையையும் வாடிக்கையாளர் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஸ்கேன் செய்யக் கட்டணம் வாங்கும் பட்டறை, கண்ட குறியீடுகளைத் தாளில் எழுதித் தர வேண்டாமா? "சென்சார் போயிற்று" என்ற வாய்மொழி மட்டும் கையில் இருந்தால் அவர் இரண்டாம் கருத்தை எப்படிக் கேட்பார்? மாற்றிய பழைய பாகத்தைத் தருவதும், பில்லில் பாகத்தின் எண்ணை எழுதுவதும் பெரிய நகரங்களில் கேட்டால் கிடைப்பவை. தீவில் அவை கேட்காமலேயே கிடைக்க வேண்டும். ஏனெனில் இங்கே இரண்டாம் பட்டறைக்கு எளிதில் போய்விட முடியாது. உதிரிபாகக் கடைகளும், பணம் வாங்கும் முன் "பழைய பாகத்தின் படம் அனுப்புங்கள்" என்று ஒரு வரி கேட்கும் வழக்கத்தைக் கொள்ளலாம். விற்றது போதும் என்று இருப்பவர் ஒருமுறை விற்பார். கேட்டு விற்பவரிடம் தீவே வரும்.

இந்த இதழைப் படிப்போர் வங்கி வாடிக்கையாளர் என்பதால் நுட்பமாகச் சொல்வதற்கும் எல்லை உண்டு என்பதையும் எழுத வேண்டும். வண்டியின் உடல்நலத்தை எவ்வளவு விரிவாக வேண்டுமாயினும் சொல்லுங்கள். உங்கள் அடையாளத்தைச் சொல்லாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தின் முழுப் படத்தில் பெயரும் முகவரியும் இருக்கின்றன. அதைப் பலர் பார்க்கும் குழுவில் போடத் தேவையே இல்லை. சேசிஸ் எண் பாகம் விற்கும் கடைக்குத் தனியே போனால் போதும். அவசரத்தில் உதவி கேட்பவரைத் தேடி மோசடிக்காரரும் வருவார். "அந்தப் பாகம் என்னிடம் இருக்கிறது, முன்பணம் அனுப்பினால் இன்றே கப்பலில் ஏற்றுகிறேன்" என்பார். அல்லது பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யு.பி.ஐ. பின் எண்ணைப் போடச் சொல்வார். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு விஷயத்திலும் இதே விவரிப்புப் பழக்கம் கைகொடுக்கும். நீரில் இறங்கி அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், தனிச் சேர்க்கை எடுக்காத பாலிசியில் பெரும்பாலும் இழப்பீடு மறுக்கப்படும். எங்கே, எந்நேரம், நீர் எவ்வளவு உயரம், அதன்பின் சாவியைத் திருப்பினோமா என்று அன்றே எழுதி, நின்ற நிலையிலேயே எடுத்த படங்களோடு வைத்திருப்பவரின் கோரிக்கைக்கு வலு உண்டு.

சில கேள்விகளை அனுப்பவே கூடாது என்றும் நினைக்கிறோம். பிரேக் மிதி தரையைத் தொடுகிறது, ஸ்டியரிங் ஆடுகிறது, பெட்ரோல் மணம் வீசுகிறது என்றால் பதிலுக்குக் காத்திருந்து ஓட்டிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைப் "படம் அனுப்புங்கள்" என்று எவர் சொன்னாலும் திறக்கலாகாது. மின்சார, ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயரைத் தொடுமாறு தொலைவிலிருந்து சொல்பவரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, நம்மில் மிகச் சிலரே செய்யும் ஒரு செயல். பதில் கிடைத்து வண்டி ஓடத் தொடங்கியதும் நாம் மறைந்துவிடுகிறோம். பதில் சொன்னவருக்குத் தாம் சொன்னது சரியா என்று தெரிவதில்லை. டிக்லிப்பூரில் அடுத்த மாதம் அதே குறியோடு தேடுபவருக்குப் பத்து ஊகங்கள் கிடைக்கின்றன, ஒரு முடிவும் கிடைப்பதில்லை. "எர்த் வயர்தான் அண்ணே. இன்ஜினில் பூட்டும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. தேய்த்துப் பூட்டினோம். மூன்று மழை பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது." எழுத அரை நிமிடம் ஆகாது. சரியாகவில்லை என்றாலும் எழுதலாம். இதை மாற்றினோம், இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று. அடுத்தவர் கப்பலில் வரவழைக்க எண்ணியிருக்கும் பாகங்களிலிருந்து ஒன்றை அவ்வரி நீக்கிவிடும்.